குடுவையின் அடி வரை எரித்துப் பாருங்கள்: மெழுகும் திரியும் வாசனையும் சோதிக்கும் முறை

வீட்டில் மெழுகுவர்த்தி செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது வாசனை எண்ணெய்களைத்தான். ஏழெட்டு வாசனை, ஒரே ஒரு கட்டுத் திரி, கைக்குக் கிடைத்த மெழுகு. முதல் குடுவையை ஏற்றி அரை மணி நேரம் பார்க்கிறார்கள். சுடர் அழகாக நிற்கிறது. உடனே அதே அளவில் இருபது வார்த்துவிடுகிறார்கள். மெழுகு பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கண்ணாடி தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, விளிம்பு கறுக்கிறது, அல்லது திரி மெழுகில் மூழ்கி அணைகிறது.

மெழுகுவர்த்தியின் குணம் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் முழுதாகத் தெரியும். அங்கே வரை எரித்துப் பார்க்காத ஒன்றைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு குடுவையை ஒழுங்காக எரித்து முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தில் என்ன செய்வது, எதைக் குறிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒன்றை முன்பே சொல்லிவிடலாம்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரியையும் வாசனையின் அளவையும் சேர்த்து மாற்றினால், வந்த பலன் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கையில் வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் எடைத்தராசு, தெர்மாமீட்டர், நீர்க்கொதிப்பில் உருக்க ஒரு பெரிய பாத்திரமும் அதற்குள் நிற்கும் ஊற்றுக் குடமும், திரியை நடுவில் பிடிக்க ஒரு குச்சி அல்லது கிளிப், மி.மீ. கோடுள்ள அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம். தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இருந்தால் மிகவும் நல்லது.

மெழுகை நேரடி நெருப்பில் வைத்து உருக்காதீர்கள். உருகும் மெழுகை விட்டு நகரவும் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தது போலத் தீ சிதறிப் பரவும். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டையான மூடியால் மூடுங்கள். மீந்த மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

முதலில் குடுவை

திரியின் அளவைத் தீர்மானிப்பது குடுவையின் உள்விட்டம். வெளியே அளந்தால் கண்ணாடியின் கனமும் சேர்ந்துவிடும். அதனால் மெழுகின் மேல்மட்டம் வரும் இடத்தில் உள்ளே அளவுகோலை வைத்து அளங்கள். மேலே அகன்று கீழே குறுகும் குடுவை தொடக்கத்தில் வேண்டாம். மேலே சரியாக எரியும் திரி கீழே போகப் போகப் பெரிதாகிவிடும். நேரான சுவருள்ள, 70 மி.மீ. அளவு உள்விட்டமுள்ள, வெப்பம் தாங்கும் குடுவை கற்றுக்கொள்ள வசதியானது. கீறலோ விரிசலோ உள்ள கண்ணாடியை ஒதுக்கிவிடுங்கள்.

எவ்வளவு மெழுகு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள, குடுவையைத் தராசில் வைத்து, மெழுகு நிற்க வேண்டிய கோடு வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். உருகிய மெழுகு தண்ணீரைவிட இலேசானது. தண்ணீரின் எடையை 0.86 ஆல் பெருக்கினால் போதும். 200 கிராம் தண்ணீர் பிடித்தால் 172 கிராம் மெழுகுக் கலவை. பிறகு குடுவையைத் துளி ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவையுங்கள். ஈரம் தங்கினால் எரியும்போது திரி படபடக்கும்.

மெழுகைத் தேர்ந்தெடுத்தல்

குடுவைக்கென்று விற்கும் மெழுகு மென்மையானது, கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். தூண் வடிவ மெழுகுவர்த்திக்கான மெழுகு கடினமானது. குளிரும்போது சுருங்கி அச்சிலிருந்து விடுபடும்படி செய்யப்பட்டது. இரண்டையும் இடம் மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்று சுவரை விட்டு விலகும், மற்றொன்று நிற்காமல் சரியும்.

பாரஃபின் சோதனைக்கு எளிது. வாசனையை நன்றாக வெளியே விடும், இரண்டு மூன்று நாளில் எரித்துப் பார்க்கலாம். ஆனால் ஆறும்போது சுருங்கித் திரியைச் சுற்றிக் குழி விழும். அதற்காகப் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, முதல் ஊற்று உறைந்ததும் சில டிகிரி கூடுதல் சூட்டில் மேலே ஊற்றி நிரப்ப வேண்டும்.

சோயா மெழுகு ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூப்பது கொழுப்புப் படிகம். இயற்கையானது, எரிவதைப் பாதிக்காது. கண்ணாடியில் ஈரத் திட்டு போலத் தெரிவது மெழுகு சுவரை விட்டுச் சற்று விலகிய இடம், அதுவும் கெடுதல் இல்லை. புதியவர்கள் இந்த இரண்டோடும் மாதக் கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். அந்த நேரத்தைத் திரியில் செலவிடுவது மேல். சோயாவுக்குத் தேவை காத்திருப்பு: வார்த்த பின் 10 முதல் 14 நாள். மூன்றாம் நாளில் எரித்துவிட்டு வாசனை வரவில்லை என்று ஒதுக்கப்பட்ட நல்ல எண்ணெய்கள் ஏராளம்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும். அதனால் அதே குடுவைக்குப் பெரிய திரி கேட்கும். அதன் சொந்த மணம் சேர்க்கும் வாசனையை அமுக்கும். அதை வாசனை சேர்க்காமல் எரிப்பதே அதற்கு அழகு. தேங்காய் மெழுகுக் கலவைகள் மிக மென்மையானவை. வெப்பமான அறையில் மேற்பரப்பு இளகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மெழுகை எடுத்தாலும் முதல் மூன்று மாதம் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனைக் கணக்கு

வாசனை எண்ணெயை எடையில்தான் அளக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணெயின் அடர்த்தியும் வேறு என்பதால் மி.லி. கணக்கும் சொட்டுக் கணக்கும் ஏமாற்றும்.

மெழுகின் எடையில் 6 சதவீதம் தொடங்க ஏற்ற அளவு. மூன்று குடுவைக்கு 172 வீதம் 516 கிராம். பாத்திரத்தில் ஒட்டி வீணாவதற்குச் சேர்த்து 530 என்று வைத்துக்கொள்வோம். 530 ஐ 1.06 ஆல் வகுத்தால் மெழுகு 500 கிராம். மீதி 30 கிராம் வாசனை.

உச்ச அளவை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த மெழுகு தாங்கும் அளவு. இதை மெழுகின் விவரத்தாளில் தந்திருப்பார்கள். மற்றொன்று, அந்த எண்ணெயின் இஃப்ரா (பன்னாட்டு வாசனைப்பொருள் சங்கம்) சான்றில் 12ஆம் பிரிவுக்குத் தந்திருக்கும் சதவீதம்; மெழுகுவர்த்தி அந்தப் பிரிவில்தான் வருகிறது. இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. மெழுகு தாங்காத எண்ணெய் மேலே வியர்வைத் துளி போல நிற்கும். துளி நிற்கும் குடுவையை ஏற்ற வேண்டாம். மேற்பரப்பில் தேங்கிய எண்ணெய் சட்டென்று பற்றும்.

சமையலுக்கான எசன்ஸ் மெழுகில் கலக்காது. மெழுகுவர்த்திக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட எண்ணெயையே வாங்குங்கள். செடிகளிலிருந்து எடுத்த நறுமண எண்ணெய்கள் ஆறிய மெழுகில் மணந்தாலும், பல எரியும்போது மங்கிவிடும்.

எண்ணெய்ப் புட்டியில் தீப்பற்று வெப்பநிலை என்று ஓர் எண் இருக்கும். மெழுகின் சூடு அதைத் தாண்டினால் வாசனை முழுதும் பறந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த எண் சொல்வது, எண்ணெயின் ஆவி அருகிலுள்ள நெருப்பால் பற்றிக்கொள்ளக்கூடிய வெப்பம். ஆகவே கலக்கும் இடத்தில் சுடர் இருக்கக் கூடாது. தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரி என்றுள்ள எண்ணெயை 75 டிகிரி மெழுகில் இரண்டு நிமிடம் கலக்குவதால் வாசனை காணாமல் போய்விடாது.

வார்க்கும் வரிசை

1. திரியின் தகரத் தட்டைக் குடுவையின் நடு மையத்தில் ஒட்டுங்கள். 5 மி.மீ. விலகினாலே ஒரு பக்கச் சுவர் அதிகம் சுடும்.

2. சோயாவை 80 முதல் 85 டிகிரி வரை உருக்கி, கட்டி எதுவும் இல்லாமல் தெளியும் வரை வையுங்கள்.

3. அடுப்பிலிருந்து இறக்கி, 75 முதல் 80 டிகிரியில் வாசனையைச் சேர்த்து, இரண்டு நிமிடம் மெதுவாகவும் விடாமலும் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி சேரும். அரைகுறையாகக் கலந்தால் எண்ணெய் அடியில் தங்கி, குடுவை முடியும் தறுவாயில் புகை வரும்.

4. 55 முதல் 65 டிகிரிக்குள் மெதுவாக ஊற்றுங்கள். மேற்பரப்பு கரடுமுரடாக வந்தால் அடுத்த முறை 5 டிகிரி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். எந்த எண்ணில் ஊற்றினீர்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

5. காற்று வீசாத, 20 முதல் 25 டிகிரி உள்ள இடத்தில் ஆறவிட்டு, அடியில் எண்ணும் தேதியும் ஒட்டுங்கள்.

பாரஃபினுக்கும் பிற மெழுகுகளுக்கும் இந்த வெப்ப எண்கள் மாறும். விவரத்தாளில் உள்ளதையே தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

திரி

எரிவது திரி அல்ல, மெழுகின் ஆவி. சுடரின் சூட்டில் உருகிய மெழுகு திரியின் இழைகளில் ஏறி, உச்சியில் ஆவியாகிப் பற்றுகிறது. அதனால் திரியை ஒரு குழாயாக நினைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். குழாய் சிறிதானால் சுடர் பட்டினி கிடக்கும், சுற்றியுள்ள மெழுகை உருக்கச் சூடு போதாது. பெரிதானால் எரிக்க முடிந்ததைவிட அதிக மெழுகு மேலே வந்து, எரியாத கரி புகையாகப் போகும். கெட்டியான வாசனை எண்ணெய் அந்தக் குழாயை அடைக்கும். மெழுகில் கரையாத நிறப்பொடியும் அப்படித்தான். கிரேயான், மினுங்கும் மைக்கா இரண்டையும் திரியுள்ள மெழுகுவர்த்தியில் சேர்க்காதீர்கள். மெழுகில் கரையும் சாயம் மட்டும் போதும்.

பின்னிய பருத்தித் திரி எரியும்போது நுனி ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் விளிம்புக்குப் போய், அங்கே கிடைக்கும் காற்றில் தானே எரிந்து உதிரும். 1820களில் பின்னல் திரி வருவதற்கு முன், முறுக்கிய திரியின் கருகிய நுனியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நடுவில் காகிதமோ துத்தநாகமோ வைத்த திரி நிமிர்ந்து நிற்கும், ஆனால் நுனியில் கரி திரளும். ஈய நடுக்கம்பி வைத்த திரிகளை அமெரிக்கா 2003இல் தடை செய்தது. நடுவில் உலோகம் இருந்து, அது என்னவென்று எழுதியிராத பழைய திரியைப் பயன்படுத்த வேண்டாம்.

சிடி, ஈகோ, எல்எக்ஸ் என்று பல வரிசைகளில் திரிகள் வருகின்றன. எண்ணுக்குப் பொருள் அந்தந்த வரிசைக்குள் மட்டுமே. ஒரு வரிசையின் 10ஆம் எண்ணும் இன்னொன்றின் 10ஆம் எண்ணும் ஒன்றல்ல. விற்பவரின் பட்டியலில் உங்கள் மெழுகுக்கும் உள்விட்டத்துக்கும் எந்தத் திரி என்று பார்த்து, அதையும் அதற்கு ஒரு எண் கீழும் ஒரு எண் மேலும் வாங்குங்கள். பட்டியல் தொடக்கப் புள்ளி மட்டுமே. உள்விட்டம் 90 மி.மீ. ஐத் தாண்டினால் ஒரே பெரிய திரியைவிட இரண்டு சிறிய திரிகள் பெரும்பாலும் சீராக எரியும்.

முதல் சுற்றில் மூன்று குடுவையையும் வாசனை சேர்க்காமல் வார்த்து எரித்துப் பார்க்கும்படி வலியுறுத்திச் சொல்வோம். வீண்செலவு போலத் தோன்றும். ஆனால் மெழுகும் குடுவையும் திரியும் தமக்குள் எப்படி ஒத்துப்போகின்றன என்று தெரிந்தால், பிறகு வாசனை சேர்த்ததும் வரும் மாற்றம் வாசனையால் வந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

எரித்துப் பார்த்தல்

திரியை 5 மி.மீ. ஆகக் கத்தரியுங்கள். குடுவையை எடை போட்டு எழுதுங்கள். வெப்பம் தாங்கும் சமதளத்தில், குடுவைக்குக் குடுவை குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். மின்விசிறியையும் ஏசியையும் அணையுங்கள். காற்றில் ஆடும் சுடரை வைத்துப் புகையைப் பற்றி முடிவு செய்ய முடியாது.

ஏற்றிய பின் 1 மணி, 2 மணி, 4 மணி நேரத்தில் இவற்றைக் குறியுங்கள்: சுடரின் உயரம், உருகிய மெழுகுக் குளத்தின் அகலமும் ஆழமும், கண்ணாடியின் மிகச் சூடான இடத்தின் வெப்பம், புகை, திரி நுனியின் நிலை. 4 மணி நேரம் ஆனதும் அணைத்துவிட்டு முழுதாக ஆறவிடுங்கள். மெழுகுவர்த்திக்கான அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப் 2417 சோதனையும் 4 மணிச் சுற்றுகளாகத்தான் நடக்கிறது. ஆறியதும் மறுபடி எடை பாருங்கள். 4 மணியில் 22 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு 5.5 கிராம். 172 கிராமில் அடியில் 10 மி.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 35 கிராம் விட்டுவிட்டால் மீதி 137 கிராமுக்கு ஏறக்குறைய 25 மணி நேரம், அதாவது ஆறு சுற்றுக்குச் சற்று மேல். இந்த எடைக் கணக்கு கண்ணை விட நம்பகமானது. ஒரு சுற்றில் 5.5 ஆக இருந்தது அடுத்த சுற்றில் 3.8 ஆகக் குறைந்தால் திரி அடைபடுகிறது என்று பொருள், சுடர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும்.

முதல் சுற்றில் சுவரோரம் 3 முதல் 5 மி.மீ. மெழுகு உருகாமல் நின்றால் கவலைப்படாதீர்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஓரம் உருகவில்லையே என்று ஒரு எண் பெரிய திரிக்குத் தாவிவிடுகிறார்கள். மெழுகு இறங்க இறங்கச் சுவர் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், காற்றோட்டம் குறையும், மேலே நின்ற ஓரமும் உருகி வழியும். இரண்டாம் மூன்றாம் சுற்றில் குளம் சுவரைத் தொட்டு, 4 மணி முடிவில் ஆழம் 6 முதல் 12 மி.மீ. இருந்தால் திரி சரி. முதல் மணி நேரத்திலேயே சுவரைத் தொட்டுவிடும் திரி, அடிப்பகுதியில் நிச்சயம் கொதிக்கும்.

70 மி.மீ. குடுவையில் சுடர் 15 முதல் 25 மி.மீ. உயரம் இருப்பது நல்லது. அதே அமெரிக்கத் தரத்தில் சுடர் 75 மி.மீ. ஐத் தாண்டினால் தோல்வி. வீட்டுச் சோதனையில் அவ்வளவு தூரம் விடவே கூடாது. கண்ணாடி 60 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 75ஐ எட்டினால் அணைத்துவிட்டு அந்தத் திரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். தகர டப்பாவில் அளக்கும்போது ஒரு கவனம் வேண்டும்: பளபளப்பான உலோகத்தில் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் குறைவாகவே காட்டும். கறுப்பு நாடா ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியான எண் கிடைக்கும்.

அடியில் 10 முதல் 12 மி.மீ. மெழுகு மீதமிருக்கும்போது நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் சுடர் கண்ணாடியின் அடியைச் சுட்டு உடைக்கும்.

திரி தேறிய பிறகு இன்னொரு சோதனை உண்டு. உங்கள் மெழுகுவர்த்தியை வாங்கிப் போகிறவர் திரியைக் கத்தரிக்க மாட்டார், நேரமும் பார்க்க மாட்டார். எனவே ஒரு குடுவையைக் கத்தரிக்காமல், 8 மணி நேரம் தொடர்ந்து, பக்கத்திலேயே இருந்து எரியுங்கள். அப்போதும் கண்ணாடி எல்லைக்குள் இருந்து, புகை மிதமாக இருந்தால்தான் அது பிறர் வீட்டுக்குப் போகலாம்.

என்ன கெட்டது, ஏன்

நடுவில் மட்டும் கிணறு போல இறங்கி, ஓரம் நான்காம் சுற்றிலும் உருகாமல் நின்றால் திரி சிறியது. சுடர் சுருங்கிக் குளத்தில் மூழ்கினாலும் அதுவே காரணம், அல்லது வாசனை திரியை அடைத்திருக்கிறது. வாசனையில்லாத குடுவையோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். நுனியில் காளான் போலக் கரி திரள்வது சிறிதாக இருந்தால் சில திரிகளின் இயல்பு. உதிர்ந்து குளத்தில் விழும் அளவுக்கு இருந்தால் திரி பெரியது அல்லது வாசனை அதிகம். சுடர் துள்ளிக்கொண்டே கறுப்புப் புகை விட்டால் முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு திரியின் நீளம், கடைசியாக அளவு.

இரண்டு எண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், ஒன்று மூழ்கி அடுத்தது புகைந்தால், எண்ணை மாற்றிப் பயனில்லை. வரிசையையே மாற்றுங்கள். தட்டைப் பின்னலில் தோற்ற வாசனை, நடுவில் காகித இழை உள்ள திரியில் தேறலாம்.

வாசனையை மூக்கால் அளப்பது

ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கு சீக்கிரமே அந்த மணத்துக்குப் பழகிவிடும். ஆகவே ஏற்றிவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, வாசலில் நுழைந்த முதல் சில நொடியில் தோன்றுவதை 0 முதல் 5 வரை எண்ணாக எழுதுங்கள். இதில் கைபோடாத ஒருவரையும் கேளுங்கள். முதலில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, தேறினால் பெரிய அறை. ஒரே நாளில் ஒரே அறையில் இரண்டு வாசனை வேண்டாம்.

மணம் குறைவாக இருந்தால் எண்ணெயைக் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது கடைசியாகச் செய்ய வேண்டியது. மெழுகு முதிரும் வரை காத்திருந்தீர்களா? குளம் போதிய அகலம் விரிந்ததா? இரண்டும் சரியென்றால் 6இலிருந்து 8 சதவீதம் போய்ப் பாருங்கள், திரிச் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யும் மனதோடு. 8இலும் எழாத எண்ணெய் அந்த மெழுகுக்குப் பொருந்தாதது. ஆறிய குடுவையின் மணம் வேறு, எரியும்போது வருவது வேறு. இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுங்கள்.

வெனிலின் உள்ள வாசனைகள் வெள்ளை மெழுகைப் பழுப்பாக்கும், சில நாளிலோ சில வாரத்திலோ. ஒரு குடுவையைச் சன்னலோரத்திலும் இன்னொன்றை அலமாரி இருட்டிலும் ஒரு மாதம் வைத்தால், நிறம் எவ்வளவு மாறும் என்று பார்த்துவிடலாம்.

மெல்ட்ஸ்

மெல்ட்ஸ் என்பவை வார்மர் என்னும் சூடாக்கும் கிண்ணத்தில் வைத்து உருக்கும் வாசனை மெழுகுத் துண்டுகள். திரி இல்லாததால் இவற்றின் சோதனை எளிது. வார்மர் மட்டும் புதிதாகச் சேரும். கடினமான மெழுகு எடுத்து 8 முதல் 10 சதவீதம் வாசனை சேர்க்கலாம், முன்சொன்ன இரண்டு எல்லைகளுக்குள். அச்சிலிருந்து உடையாமல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டினால் மெழுகு மென்மையானது, பொடிந்தால் மிகக் கடினமானது. ஒரு துண்டை 38 டிகிரி அளவில் ஒரு நாள் வைத்தால், வழியில் இளகுமா, எண்ணெய் வியர்க்குமா என்பது தெரியும்.

25 கிராம் துண்டை வார்மரில் வைத்து அரை மணி கழித்துக் குளத்தின் வெப்பத்தை அளங்கள். மின்சார வார்மர்களில் சில 55 டிகிரிக்கு மேல் போகாது. 60இல் உருகும் மெழுகு அதில் பாதி கட்டியாகவே கிடக்கும். அடியில் டீலைட் என்னும் சிறு மெழுகுவர்த்தி வைக்கும் வகை அதைவிட அதிகம் சுடும், வாசனை முதல் மணியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எனவே இரண்டு வகையிலும் பாருங்கள். மெழுகு புகைந்தால் அந்த டீலைட் கிண்ணத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு மணிச் சுற்றுகளாக, மணம் 1க்கு இறங்கும் வரை எண்ணிக்கொண்டே போங்கள். மெழுகு அப்படியே இருக்கும், வாசனை மட்டும் போய்விடும்; அந்த மெழுகைத் துடைத்தெடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும், பழையதன் மேல் சேர்த்தால் கணக்கு கெடும்.

நோட்டில் ஒவ்வொரு குடுவைக்கும் மெழுகின் பெயர், திரியின் வரிசையும் எண்ணும், வாசனையும் சதவீதமும், சேர்த்த வெப்பம், ஊற்றிய வெப்பம், வார்த்த தேதி, எரித்த தேதி, ஒவ்வொரு சுற்றின் எடை ஆகியவை இருக்கட்டும். மெழுகு மூட்டையிலும் திரிக்கட்டிலும் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணையும் எழுதிவையுங்கள். புது மூட்டை பிரிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய தேறிய அளவில் ஒரே ஒரு குடுவை வார்த்து அடி வரை எரித்துவிட்டு, மணிக்கு எரியும் கிராம் பழைய எண்ணோடு ஒத்து வந்த பின்பே மற்றவற்றை வார்த்துக்கொள்ளுங்கள்.